அட்டையில் மட்டும் புதுத் தேதி

முனீஸின் உடலை அவன் ஊரான சாத்தூருக்கு அனுப்பிவைத்துவிட்டுச் சேக் தாவூது நேராக எங்கள் கம்பெனிக்கு வந்தார். அவருடைய சாயப் பட்டறையில் நாங்கள் செய்துகொடுத்த இயந்திரத்தை ஓட்டியவன் முனீஸ். சாயம் ஏறி முடிந்ததும் கதவைத் திறந்திருக்கிறான். உள்ளே அடைபட்டிருந்த கொதிநீர் முகத்திலும் மார்பிலும் பாய்ந்துவிட்டது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து இறந்தான்.

சேக் தாவூது நாற்காலியைத் தொடவில்லை. இயந்திரத்தோடு நாங்கள் கொடுத்த கையேட்டை என் மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, ஆறாவது அத்தியாயத்த நீங்களே படிங்க."

படித்தேன். அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு கதவைத் திறக்கலாம் என்று இருந்தது.

"அவன் அதத்தான் செஞ்சான். முள்ளு பூஜ்யத்துலதான் நின்னுச்சு. பக்கத்துல நின்ன பசங்க அத்தன பேரும் பாத்திருக்காங்க. தொறந்தான். அவ்வளவுதான்."

என் மூத்த மகன் வெள்ளியங்கிரி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தான். கம்பெனியை நடத்துவது அவன்தான். கையெழுத்து இன்னும் என்னுடையது.

"பாய், அந்தப் பக்கத்த நாங்க மாத்தி ரொம்ப நாளாச்சுங்க. மானிக்குப் போற குழாய்ல பஞ்சு அடைச்சுக்கிட்டா முள்ளு பொய் காட்டும், கை வால்வத் தொறந்து பாக்காம கதவத் தொறக்கக் கூடாதுன்னு கட்டம் கட்டிப் போட்டிருக்கறமுங்க. உங்களுக்கு வந்த புஸ்தகத்துலயும் அது இருந்திருக்கோணும்."

"இல்ல தம்பி. நீங்களே பாருங்க."

"உள்ள பாக்கறது இருக்கட்டுங்க. அட்டையில தேதியப் பாருங்க. நாங்க மாத்துனதுக்குப் பொறவு அடிச்ச புஸ்தகமுங்க இது."

சேக் தாவூது அட்டையைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளியங்கிரி சொன்னது சரிதான். திருத்தம் செய்தது சித்திரையில். அட்டையில் ஆடி மாதத் தேதி இருந்தது.

"அப்ப நான் தாளக் கிழிச்சுப் போட்டுட்டு, பழைய தாளத் தேடிப் புடிச்சு வச்சுத் தச்சேன்னு சொல்றீங்க."

"நான் அப்படிச் சொல்லலீங்களே."

"சொல்லாம விட்டுட்டீங்க. அதுக்குச் சொல்லியே இருக்கலாம்."

அவருக்கும் எனக்கும் பழக்கம் என் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து. ஒரு தாள்கூட எழுதிக்கொள்ளாமல் பல இயந்திரங்களை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் பட்டறையில் விசாரணை வைத்திருந்தார். கையேட்டில் எச்சரிக்கை இருந்தும் தொழிலாளியைத் திறக்க விட்டார் என்றால் சேக் தாவூது கோர்ட்டில் நிற்க வேண்டியிருக்கும். எச்சரிக்கை இல்லாத கையேட்டை நாங்கள் கொடுத்திருந்தால் நான் நிற்க வேண்டியிருக்கும்.

"பாய், தப்பு எங்க பக்கம் இருந்துச்சுன்னா நான் வந்து சொல்லுவனுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பாத்துப்போடறேன்" என்றேன்.

"உங்க வாயால வந்தாப் போதும்ண்ணே. அது எந்தப் பக்கமா இருந்தாலும் சரி."

கையேட்டை விட்டுவிட்டுப் போனார்.

கையேடுகளை எழுதுவது நதியா. கோவில்பட்டிப் பெண். குடும்பத்தோடு வந்து இங்கே பக்கத்தில் நல்லூரில் குடியிருக்கிறாள். பொறியாளர்கள் ஆங்கிலத்தில் சொல்வதை, இயந்திரம் ஓட்டுகிறவனுக்குப் புரியும் தமிழில் எழுதுவாள். அவளைக் கூப்பிட்டு கையேட்டைக் காட்டினேன். ஆறாவது அத்தியாயத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"இது பழசுய்யா. நான் மாத்திட்டேன். சித்திரையிலேயே மாத்தி சர்வர்ல சேத்துட்டேன்."

"அப்பறம் ஏன் இதுல வரல?" என்றான் வெள்ளியங்கிரி.

"தெரியலண்ணே. எனக்கும் அதுதான் தெரியல."

எங்கள் கையேடுகள் உருவாகும் விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். நதியா அத்தியாயங்களை எழுதிச் சர்வரில் சேர்ப்பதோடு மனிதர் வேலை முடிந்தது. தினமும் மாலையில் சர்வர் தானாக ஒரு கட்டளையை ஓட்டும். அந்தக் கட்டளை எல்லா அத்தியாயங்களையும் படங்களையும் எடுத்துக் கோத்துப் புத்தகமாகக் கட்டும். அதற்குப் பில்ட் என்று பெயர். அதற்கடுத்து இன்னொரு கட்டளை. அது கட்டிய புத்தகத்துக்கு அன்றைய தேதியிட்ட அட்டை போட்டு டெஸ்பாட்ச் ஆட்கள் பார்க்கும் இடத்தில் வைக்கும். அவர்கள் அதை அச்சடித்து, இயந்திரத்தோடு அனுப்புவார்கள். இயந்திரம் வெளியே போகும்போது அந்த மாதத்துத் திருத்தம்வரை அதற்குள் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டைச் செய்தது யார் என்று அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும். மூவரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை.

நதியா முதலில் தன் கம்ப்யூட்டரில் கட்டிப் பார்த்தாள். புத்தகம் வந்தது, ஆறாவது அத்தியாயத்தில் எச்சரிக்கை கட்டத்துக்குள் இருந்தது.

"பாத்தீங்களாப்பா" என்றான் வெள்ளியங்கிரி. "நம்மளுது சரியாத்தான் இருக்குது."

"என் கம்ப்யூட்டர்ல வர்றத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணே. சர்வர்ல வரணும்."

சர்வர் அறைக்குப் போனோம். கம்பிரசர் ஓடும் கொட்டகையை ஒட்டிய சின்ன அறை. நதியா தன் பேரில் உள்ளே நுழைந்து, கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினாள். வரிகள் ஓடின. தன் இடத்திலேயே புத்தகத்தைக் கட்டி எடுத்தாள். அதிலும் எச்சரிக்கை இருந்தது.

என் மனம் அப்போது லேசானதை மறைக்க மாட்டேன். அதே கணத்தில் சேக் தாவூதின் முகமும் நினைவுக்கு வந்தது. இந்தப் பக்கம் சுத்தம் என்றால் அந்தப் பக்கம் என்ன என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"முடிஞ்சுதுங்க. ஆய்வாளர்கிட்ட இதையே காட்டிரலாம்" என்றான் வெள்ளியங்கிரி.

நதியா திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. "நான் கையால ஓட்டுனா வருது. தானா ஓடும்போதும் இப்படித்தான் வருதான்னு ஒரு தடவ பாத்துருவோம்யா."

"சர்வர் சர்வர்தானே. கையென்ன, தானென்ன?"

"மாட்டுக்காரன் கூப்பிட்டா வர்ற மாடு மத்தவன் கூப்பிட்டா வருமாண்ணே?"

வெள்ளியங்கிரிக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. நான் காத்திருக்கலாம் என்றேன்.

அன்று மாலை டெஸ்பாட்ச் இடத்தில் புதிய புத்தகம் வந்து உட்கார்ந்தது. அட்டையில் அன்றைய தேதி. நதியா திறந்தாள். ஆறாவது அத்தியாயம் அப்படியே பழசு. முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு கதவைத் திறக்கலாம்.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சேக் தாவூது எதையும் கிழிக்கவில்லை.

மறுநாள் காலையிலிருந்து நதியா காரணம் தேடினாள். தமிழ் எழுத்துரு சர்வரில் இல்லாமல் போயிருக்குமோ என்று பார்த்தாள்; இருந்தது. இடம் தீர்ந்து போயிருக்குமோ என்று பார்த்தாள். பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. பழைய அத்தியாயத்தின் நகல் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதோ என்று போல்டர் போல்டராகத் தேடினாள். கட்டளையில் பாதை மாறியிருக்குமோ என்றாள். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு இது இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

நான் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் ஓடாத இயந்திரத்தின் முன்னால் உட்காரத் தெரியும்.

வெள்ளியங்கிரி வந்து வாசலில் நின்றான்.

"அப்பா, இத்தனை மெனக்கெட வேண்டாமுங்க. எழுதுனவ சேக்க மறந்துட்டான்னு சொல்லிரலாமுங்க. ஆள் தப்பு. கம்பெனித் தப்பு இல்லீங்களே."

நதியா நாற்காலியோடு திரும்பினாள்.

"நான் சேத்தது சர்வர்ல நாளோட இருக்குண்ணே. நேத்துத்தான உங்க கண்ணு முன்னாடி அதுலருந்து கட்டிக் காட்டுனேன்."

"உனக்கு வேற எடத்துல வேலை வாங்கித் தர்றேன். சம்பளம் கொறையாது."

"ஊர் விட்டு வந்தவ தலையில கட்டிட்டா கேக்க நாதியில்லன்னு பாக்கீங்க. நல்லா இருங்க. ஆனா கொன்னவன்னு பேர் வாங்கிட்டு நான் எந்த வேலையும் பாக்க மாட்டேன்."

"வெள்ளியங்கிரி" என்றேன். "போய் டெஸ்பாட்ச்சப் பாரு. சித்திரைக்குப் பொறவு போன மிஷின் எல்லாம் எங்கெங்க ஓடுதுன்னு எடு. அங்கெல்லாம் இந்தப் புஸ்தகந்தான் இருக்கும்."

அது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டியல் எடுக்கப் போனான்.

பகல் சாப்பாட்டுக்குப் பின் வாட்ச்மேன் வந்து, செத்துப்போன பையனின் அம்மா வந்திருப்பதாகச் சொன்னார். செல்லத்தாய் என்று பேர். உள்ளே வரச் சொன்னேன். மெலிந்த பெண். அழுது தீர்ந்த கண். நாற்காலியைக் காட்டினேன், தரையிலும் உட்காரவில்லை, நாற்காலியிலும் உட்காரவில்லை.

"பொஸ்தகம் எழுதுனது யாருய்யா?"

நதியா எழுந்து நின்றாள். செல்லத்தாய் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எம் மகன் படிக்காம கைய வச்சிட்டான்னு பேசிக்கிடுதாகளாம். அவன் பத்து முடிச்சவன்யா. வடை மடிச்சிக் குடுத்த தாளக்கூட விரிச்சு வாசிச்சிட்டுத்தான் தூரப் போடுவான். நீங்க எழுதியிருந்தா அவன் வாசிச்சிருப்பான். வாசிச்சிருந்தா அதும்படி செஞ்சிருப்பான்."

ஓர் அடி முன்னால் வந்தாள்.

"எழுதியிருந்துச்சா, இல்லையா? ஒத்த வார்த்த சொல்லுங்க, நான் போயிருதேன்."

வெள்ளிக்கிழமை விசாரணையில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வக்கீலும் அதைத்தான் சொல்லச் சொல்வார். ஆனால் கேட்டவள் தாய். கேட்டது என்னை.

"இல்லீங்கம்மா. நாங்க குடுத்த புஸ்தகத்துல அது இல்லீங்க. உங்க பையன் புஸ்தகத்துல இருந்தபடிதான் செஞ்சான்."

அவள் தலையை ஆட்டினாள். ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டதுபோல இருந்தது.

"ஏன் இல்ல?"

"தெரியலீங்க."

"தெரிஞ்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு சாத்திய பிறகு நான் நதியாவிடம், "கண்ணு, ஏன்னு தெரியாம நான் ஊட்டுக்குப் போகமாட்டேன்" என்றேன்.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். இதுவரை புத்தகத்தைப் பார்த்துவிட்டோம், இனி கட்டளையை ஓட்டுகிறவரைப் பார்க்கலாம் என்றாள். எனக்குப் புரியவில்லை. சர்வரில் எந்த வேலையும் யாரோ ஒருவர் பேரில்தான் ஓடும் என்று விளக்கினாள். மாலை வேலைகளின் பட்டியலைத் திறந்தாள். இரண்டு வேலைகள். பில்ட், அட்டை. அட்டை வேலை சர்வரின் பொதுப் பேரில் இருந்தது. ஒவ்வொரு நாளும் வெற்றி. பில்ட் வேலையின் பதிவைத் திறந்தாள். ஒவ்வொரு நாளும் ஒரே வரி.

"இது ஓடவே இல்லய்யா" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "தொடங்குறதுக்கு முன்னாடியே நின்னுருது. பங்குனியிலருந்து. அட்ட போடுற வேலைக்கு அது தெரியல. உள்ள புதுசு இருக்கா, பழசு இருக்கான்னு அது பாக்காது. பங்குனியில கட்டுன புஸ்தகத்தையே தெனமும் எடுத்துப் புதுத் தேதி போட்டு வச்சிருக்கு."

"நின்னு போச்சுன்னா ஆருக்காவது சொல்லோணுமில்ல?"

"மெயில் போகும்யா. தெனமும் போயிருக்கு. வாங்குறதுக்குப் பெட்டி இல்லாம திரும்பி வந்திருக்கு."

"ஆரோட பெட்டி?"

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். வேலையை ஓட்டுகிறவர் பேர் இருக்க வேண்டிய இடத்தில், அப்படி ஒருவரைத் தெரியாது என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. பக்கத்தில் நீளமாக ஓர் எண்.

"என்ன நெம்பர் இது?"

"சர்வருக்கு ஆளோட பேர் தெரியாதுய்யா. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர். நமக்குக் காட்டும்போது மட்டும் நம்பருக்குப் பதிலா பேரக் காட்டும். அந்த ஆளையே அழிச்சிட்டா காட்டுறதுக்குப் பேர் கிடையாது. நம்பர் மட்டும் நிக்கும்."

வெள்ளியங்கிரி எப்போது வந்து என் பின்னால் நின்றான் என்று தெரியவில்லை. அவன் மூச்சு விடுவது கேட்டது.

அந்த எண் என் மகள் செல்வநாயகி.

அவள் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து எங்கள் கம்பெனியில் எல்லாவற்றையும் அமைத்தாள். சென்ற மாசியில் ராபின் என்ற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவன் எம்பிராய்டரி டிசைன் போடுகிறவன், வேறு ஊர், வேறு மதம். எங்கள் குடும்பத்தில் அப்படி நடந்ததில்லை. கூடிப் பேசினோம். தலைமுழுகுவது என்று முடிவாயிற்று. வீட்டில் எல்லோரும் தலைக்கு ஊற்றிக்கொண்டோம். படங்களை இறக்கினோம். ரேஷன் கார்டில் பேரை எடுத்தோம். கேட்டவர்களிடம் பெண் அமெரிக்காவில் இருக்கிறாள் என்றோம். நல்லூரில் அவள் குடியிருப்பது பலருக்குத் தெரியும். என் முகத்துக்கு நேராக ஒருவரும் கேட்டதில்லை.

அந்த முடிவு சரியா தவறா என்று இங்கே வாதாடப் போவதில்லை. குடும்பம் எடுத்த முடிவு, அதற்கு நான் தலைவன். அன்று வெள்ளியங்கிரியிடம், வீட்டிலும் கம்பெனியிலும் எந்த மூலையிலும் அந்தப் பேர் இருக்கக் கூடாது என்று சொன்னேன். அவன் வெளியாளை விடாமல் தன் கையாலேயே சர்வரில் அவளுடைய கணக்கை அழித்தான், மெயில் பெட்டியை அழித்தான், அவளுடைய போல்டரையும் அழித்தான். நன்றாகத்தான் செய்தான். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

"அதே பேர்ல புதுசா ஒண்ணு உண்டாக்கிரு" என்றான் வெள்ளியங்கிரி, நதியாவைப் பார்க்காமல்.

"உண்டாக்கலாம்ண்ணே. ஆனா அது வேற நம்பர். பேர் ஒண்ணா இருந்தாலும் சர்வருக்கு அது அந்த ஆள் இல்ல."

"அப்ப உன் பேர்ல ஓட்டு."

"ஓட்டலாம். ஆனா எல்லா மாடல் புஸ்தகத்தையும் கட்டுற கட்டளைங்க அவுங்க போல்டர்லதான் இருந்துச்சு. எனக்கு இந்த ஒரு மாடலுக்குத்தான் தெரியும். மத்த மாடல்லயும் அதே மானிதானண்ணே இருக்கு."

வெள்ளியங்கிரி எடுத்துவந்த பட்டியலை வாங்கிப் பார்த்தேன். பல்லடம், அவிநாசி, பெருந்துறை, ஈரோடு. ஒவ்வொரு வரியும் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இயந்திரம், யாரோ திறக்கப்போகும் ஒரு கதவு.

"நதியா, நீ நல்லூர்லதானே இருக்கற?"

"ஆமாய்யா."

"அவிய ஊடு தெரியுமா?"

சற்றுத் தயங்கினாள். "தெரியும்யா. ரெண்டு தெரு தள்ளி."

"போயிக் கேட்டு வாங்கிட்டு வா. கம்பெனி கேக்குதுன்னு சொல்லு."

"அப்பா" என்றான் வெள்ளியங்கிரி.

"போ கண்ணு."

மறுநாள் வியாழக்கிழமை. நதியா வரும்போது ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்தாள். செல்வநாயகி மறுபேச்சில்லாமல் உட்கார்ந்து எல்லாக் கட்டளைகளையும் புதிதாக எழுதிக் கொடுத்தாளாம். பில்ட் தோற்றால் அட்டை போடும் வேலையும் நிற்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். எந்த மனிதர் பேரிலும் ஓடக் கூடாது, பில்டுக்கென்று ஆளில்லாத ஒரு பேரை உண்டாக்கி அதில் ஓட்டச் சொல்லியிருந்தாள்.

"வேற என்ன சொன்னா?"

"செத்தது யாருன்னு கேட்டாங்க. வயசு கேட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கலய்யா."

என்னைப் பற்றிக் கேட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை.

பகலுக்குள் எல்லா மாடல்களின் புத்தகமும் கட்டி வந்தது. ஒவ்வொன்றிலும் ஆறாவது அத்தியாயத்தைத் திறந்து நானே பார்த்தேன். பட்டியலில் இருந்த பட்டறைகள் எல்லாவற்றுக்கும் போன் போட்டு, புதுப் பக்கம் வரும்வரை இயந்திரத்தை நிறுத்தச் சொன்னோம். பலர் திட்டினார்கள். கேட்டுக்கொண்டோம். டெஸ்பாட்ச் ஆட்கள் பைக்கில் கிளம்பிப் போனார்கள்.

அன்று மாலை வெள்ளியங்கிரி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"சர்வர் கோளாறுன்னு மட்டும் சொல்லுங்கப்பா. அது பொய் இல்லீங்களே."

"என்ன கோளாறுன்னு கேட்டா?"

"டெக்னிகல்னு சொல்லிக்கலாமுங்க. அவருக்கென்ன தெரியப் போகுது? பேரச் சொன்னீங்கன்னா ஊரு வாய்ல விழுகோணும். தங்கச்சி அமெரிக்காவுலன்னு சொன்னதெல்லாம் சந்தி சிரிக்கும். நாளைக்கு என் புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்க வேண்டாமுங்களா?"

அவன் சொன்னது முட்டாள்தனமில்லை. எங்கள் வீட்டுப் பேருக்காகத்தான் அவனும் பேசினான். நானும் அதற்காகத்தான் ஒருநாள் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். ஆனால் இப்போது அந்தப் பேர் ஒரு பிணத்தின் மேல் இருந்தது. காரணத்தைப் பாதி சொல்லிப் பாதி மறைத்தால், மறைத்த பாதியில் நதியாவையோ சேக் தாவூதையோ நிற்கவைத்து யாராவது பேசுவார்கள். எங்கள் குற்றத்தை இன்னொருவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைப்பது எங்களுக்கு வழக்கமில்லை.

"சொல்லித்தான் ஆகோணும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயப் பட்டறையின் மேல்மாடியில் விசாரணை நடந்தது. ஜன்னல் வழியாகக் கீழே அந்த இயந்திரம் தெரிந்தது. கதவு பாதி திறந்தபடி, சீல் வைத்து நின்றது. ஆய்வாளர் நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். அவருடைய உதவியாளர் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். சேக் தாவூது ஒரு பக்கம், நானும் வெள்ளியங்கிரியும் நதியாவும் மறுபக்கம். செல்லத்தாய் சுவரோரம் நின்றாள்.

நான் எழுந்து சொன்னேன். எங்கள் கையேட்டில் எச்சரிக்கை இல்லை. சேக் தாவூது எதையும் மாற்றவில்லை. நதியா தன் வேலையை நேரத்தில் செய்தாள். பையன் கையேட்டின்படி நடந்தான்.

"எச்சரிக்கை ஏன் சேரல?" என்றார் ஆய்வாளர்.

"புத்தகம் கட்டுற வேலை ஒருத்தரோட கணக்குல ஓடிட்டிருந்துச்சுங்க. அந்தக் கணக்க நாங்க அழிச்சுட்டோம்."

"யாரோட கணக்கு?"

சேக் தாவூது தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும். இத்தனை நாள் ஒரு சொல் கேட்டதில்லை.

"எம் பொண்ணோடதுங்க. செல்வநாயகி."

"வேலைய விட்டுட்டாங்களா?"

"இல்லீங்க. எங்களுக்கு ஒப்பாத கல்யாணம் பண்ணிட்டா. ஊட்டுல வேண்டாம்னு முடிவு பண்ணுனோம். பேர எல்லா எடத்துலயும் எடுக்கச் சொன்னேன். சொன்னது நானுங்க. எம் பையன் நான் சொன்னதச் செஞ்சான்."

உதவியாளர் எழுதிக்கொண்டார். வெள்ளியங்கிரி எழுந்து வெளியே போய்விட்டான். செல்லத்தாய் சுவரோரத்திலிருந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஏன் என்று தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதால் அவள் முகத்தில் ஒரு மாற்றமும் வந்துவிடவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கினாள்.

"அவங்களயும் விசாரிக்கணும்" என்றார் ஆய்வாளர்.

"வந்திருக்காங்க சார்" என்றாள் நதியா. அவள் தானாகவே போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறாள்.

செல்வநாயகி உள்ளே வந்தாள். மாசிக்குப் பிறகு அன்றுதான் பார்க்கிறேன். இளைத்திருந்தாள். ஆனால் நிமிர்ந்து நின்றாள். எங்கள் வீட்டில் யாரும் கூனி நிற்பதில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மேசைதான். அவள் ஆய்வாளரை மட்டுமே பார்த்தாள்.

கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னாள். தன் பேரில் அந்த வேலையை ஓட விட்டது தன் தவறு என்றாள்.

"ஒரு ஆளோட பேர்ல அத வச்சிருக்கக் கூடாதுங்க. அவசரத்துக்குப் பண்ணுனது. அங்கிருந்து போவேன்னு அப்ப நெனைக்கல."

"கம்பெனிய விட்டப்பறம் வேலை நின்னு போனது உங்களுக்குத் தெரிய வழி இருந்துச்சா?"

"இல்லீங்க. மெயில் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பனுங்க. பேச மாட்டாங்கன்னு தெரியும். வாட்ச்மேன்கிட்டயாவது சொல்லிட்டு வந்திருப்பேன்."

எழுதுகிறவர் தலை நிமிர்ந்து, வழக்கமான கேள்வி ஒன்றை விட்டுவிட்டதாகச் சொன்னார். ஆய்வாளர் என் பக்கம் கையைக் காட்டி அவளிடம் கேட்டார்.

"இவர் உங்களுக்கு என்ன உறவு?"

"உறவு எதுவும் இல்லீங்க. நான் வேலை பாத்த கம்பெனிக்கு எம்.டி."

ஆய்வாளர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீங்க பொண்ணுன்னு சொல்லியிருக்கீங்க. இவங்க இல்லைங்கறாங்க. எத எழுதிக்கட்டும்?"

தலைக்கு ஊற்றிக்கொண்டது நாங்கள். நாங்கள் செய்ததைத் தாண்டி அவள் எதையும் சொல்லிவிடவில்லை.

"அவங்க சொல்றதையே எழுதிக்குங்க" என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். வாசித்துக் காட்டினார்கள். முதலில் அவள் கையெழுத்துப் போட்டாள், ராபினின் பேரைத் தன் பேரோடு சேர்த்து. பேனாவை மேசையின் என் பக்கத்து ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.